வாய் திறக்காத ஒன்பது லாகர்கள்

போன மாதம் கோபிகா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நாங்கள் அந்தக் காலத்தில் எழுதிய நில ஆவண மென்பொருளை மொத்தமாகக் கழற்றிப் புதிய ஒன்றுக்கு மாற்றும் வேலை அவளிடம் வந்திருக்கிறது. பழைய நிரலில் இருபது வரிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "மேடம், இதைத் தூக்கிட்டாலும் எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது. ஆனா 'தயவுசெய்து அழிக்க வேண்டாம்'னு உங்க பேரைப் போட்டுக் குறிப்பு இருக்கு. எதுக்கு மேடம் இது?"

போனில் சொல்ல ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பேசியும் விஷயத்துக்கு வரவில்லை. "மேடம், மீட்டிங் இருக்கு, எழுதி அனுப்பிடுங்களேன்" என்றாள். எழுதுகிறேன்.

நான் குத்தாலத்துக்காரி. திருச்சியில் கணினி படித்தேன். ஊரில் நிறையப் பெண்கள் ஆசிரியர் வேலைக்குப் போனார்கள், கிடைக்காதவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்கு இரண்டிலும் அவசரம் இல்லாததால் தஞ்சாவூரில் அரசுத் துறைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய பிரிவில் சேர்ந்தேன். நான்கு அறைகள், ஏழு பேர். குளிர்சாதனம் கணினிகளுக்காக வைத்தது. கணினி பழுதாகி ரிப்பேருக்குப் போனால் அதையும் அணைத்துவிடுவார்கள். பயிற்சி என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்ததை ஒரு வாரத்தில் சொல்லியிருக்கலாம். உண்மையான பயிற்சி, தாலுகா ஆபீஸ் ஜன்னலில் சிட்டாவுக்காக நிற்கும் வரிசையைப் பார்த்தபோதுதான் ஆரம்பித்தது.

கையெழுத்தில் இருந்த பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றிய காலம் அது. சுவரில் மாட்டியிருக்கும் முதல்வர் படம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். ஆனால் எந்தப் படம் இருந்தாலும் உத்தரவு ஒன்றுதான்: திரையில் தமிழ்தான் வர வேண்டும். அதனால் எங்கள் நிரல் மக்களுக்குக் காட்டும் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுதினோம். பிழைச் செய்திகூடத் தமிழ்தான். இந்தப் பிடிவாதம் பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் தணிகாசலம் சார். சேதுபாவாசத்திரத்தில் அவர் அப்பா படகு ஓட்டியவர். சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ஒரு பழுதோடு போனால், முதலில் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். நாம் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி:

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைச்சேன் சார்" என்று சொன்னால் கோபப்பட மாட்டார். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து நம்மிடம் கொடுப்பார். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் மனசில் நினைத்தது. எழுதி முடித்துப் பார்த்தால் வலப்பக்கம் நிரம்பி வழியும். இடப்பக்கத்தில் இரண்டு வரி இருக்கும். "இந்தப் பக்கத்தை நிரப்பிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். ஆரம்பத்தில் எனக்கு அந்தத் தாளைக் கண்டாலே எரிச்சல் வரும்.

இனி நடந்ததற்கு வருகிறேன். ஊர் பெயரையும் தாலுகா பெயரையும் சொல்லப் போவதில்லை. காவிரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு பெரிய மிராசு குடும்பத்தின் நிலத்தில் ஒரு பகுதியை உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து, நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்காக அந்த ஊர் பட்டபாடு பெரியது. கொடி பிடித்தவர்கள், அடிபட்டவர்கள், வழக்குக்கு அலைந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். புல எண் 142-ல் பதினான்கு உட்பிரிவுகள். அதில் 142/10 முதல் 142/14 வரை ஐந்து பெண்களின் பெயரில் இருந்தது. 142/1 மட்டும் மிராசு குடும்பத்திடமே நின்றுவிட்டது. அந்தக் குடும்பம் பட்டணத்துக்குப் போய், 142/1-ஐ வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு வியாபாரிக்கு விற்றது. அவர் பெயர் சாகுல் அமீது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் முடிந்தது, பட்டா மாறுதலுக்கு மனு வந்தது. அந்த ஊர் வி.ஏ.ஓ. செல்வராசு மனுவைப் பார்த்துச் சரி என்று எழுதித் தாலுகாவுக்கு அனுப்பினார். தாலுகாவில் கணினியில் பெயரை மாற்றினார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

ஐந்து பெண்களில் ஒருவர் அஞ்சம்மாள். குறுவைக் கதிர் முற்றி நின்ற நேரத்தில், விதை நெல்லுக்காக வேளாண்மை அலுவலகத்தில் கொடுக்க ஒரு சிட்டா வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் போயிருக்கிறார். ஜன்னலில் வாங்கிய தாளில் அவர் பெயர் இல்லை. சாகுல் அமீது பெயர் இருந்தது. மற்ற நான்கு பெண்களும் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்திலும் அதே பெயர்.

ஊர் என்ன நினைக்கும்? மிராசு குடும்பம் வி.ஏ.ஓ.வைக் கைக்குள் போட்டுக்கொண்டு, கொடுத்த நிலத்தையும் சேர்த்து விற்றுவிட்டது என்று நினைத்தது. செல்வராசுவை ஊருக்குள் விடவில்லை. அவருடைய சைக்கிளைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் கொடிகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். அடிதடி ஆகிவிடுமோ என்று பயந்து, விசாரணை முடியும்வரை யாருமே அந்த ஐந்து வயலிலும் இறங்கக் கூடாது என்று கோட்டாட்சியர் உத்தரவு போட்டார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் முளைத்துவிடும். செல்வராசுவைப் பணி இடைநீக்கம் செய்யும் உத்தரவும் தட்டச்சாகித் தயாராக இருந்தது.

அப்போதுதான் கோட்டாட்சியர் தணிகாசலம் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உங்க கம்ப்யூட்டர்ல யார் எதை மாத்தினாலும் எழுதி வெக்கும்னு சொன்னீங்களே. யார் மாத்தினான்னு எடுத்துக் குடுங்க."

ஆமாம், எழுதி வைக்கும். நிரல் ஓடும்போது தான் செய்வதை எல்லாம் வரிவரியாகத் தமிழில் ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும் பகுதிக்கு லாகர் என்று பெயர். எங்கள் மென்பொருளில் ஒன்பது லாகர்கள் இருந்தன. பட்டா மாறுதலுக்கு ஒன்று, உட்பிரிவு பிரிப்பதற்கு ஒன்று, சிட்டா அச்சடிப்பதற்கு ஒன்று, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எழுத வேண்டும் என்று ஒரு நிலை வைக்கலாம். எல்லாவற்றையும் எழுது என்றும் வைக்கலாம், பெரிய பிழை வந்தால் மட்டும் எழுது என்றும் வைக்கலாம்.

நான் அந்தத் தாலுகா கோப்பைத் திறந்தேன். பட்டா மாறிய அந்த மாதம் முழுக்கக் காலி.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. சித்திரை மாதம் அந்தத் தாலுகா சர்வரில் இடம் நிரம்பி, சிட்டா அச்சடிப்பதே நின்றுபோய், வரிசை தெருவரை வந்துவிட்டது. லாகர் கோப்புகள்தான் இடத்தை அடைத்திருந்தன. நான்தான் பேராவூரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒன்பது லாகர்களையும் 'பிழை மட்டும்' என்று மாற்றிவிட்டுப் போனேன். பிறகு திரும்ப ஏற்றி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மறந்துவிட்டேன்.

சாரிடம் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டார். சொன்னேன்.

"லாகரை அடைச்சது நீங்கன்னு பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"பார்த்தேன் சார். என் கையாலதான் செஞ்சேன்."

"சரி. அது இடப்பக்கம் போயிடுச்சு. அடுத்து என்ன பார்க்கணும்னு சொல்லுங்க, மங்கைம்மா."

அவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

தாலுகாவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் தகவல் முழுவதையும், லாகர் நிலைகளோடு சேர்த்து, ஒரு சி.டி.யில் நகல் எடுத்து வைப்பார்கள். பட்டா மாறுதலுக்கு முந்தைய சனிக்கிழமையின் சி.டி. பத்திரமாக இருந்தது. அதைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து என் கணினியில் ஏற்றினேன். பட்டா மாறுதல் லாகரை 'எல்லாம் எழுது' என்று திறந்து வைத்தேன். சாகுல் அமீதின் மனுவை அப்படியே மறுபடி கொடுத்தேன். ஐந்து பெண்களின் பெயர்களும் என் கண்முன்னே மாறின. அதாவது யாரும் கைவைக்கவில்லை, நிரல்தான் செய்கிறது. எப்படிச் செய்கிறது என்றுதான் தெரியவில்லை. லாகர் ஒரு வரிகூட எழுதவில்லை.

திறந்துதானே வைத்தேன்? ஏன் எழுதவில்லை?

நிரலைப் பாதி வழியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க டிபக்கர் என்ற கருவி உண்டு. நிறுத்தினேன். அந்த இடத்தில் நிரலின் கையில் இருக்கும் லாகர் மீது சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால், அது இன்னதென்று ஒரு சிறு கட்டத்தில் காட்டும். என்ன காட்டியது தெரியுமா? "லாகர்" என்று காட்டியது. அவ்வளவுதான். ஒன்பதில் எதன் மீது வைத்தாலும் அதே ஒரு சொல். எது பட்டா மாறுதல், எது சிட்டா, எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஒன்றும் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டல் குறியை அழுத்தி, அதற்குள் இன்னொன்றை அழுத்தி, ஏழெட்டு அடுக்கு இறங்க வேண்டும். அங்கேயும் நிலையை வெறும் எண்ணாகத்தான் காட்டும்.

இரண்டு நாள் வீணாயிற்று. கோப்பு எழுதும் இடத்தைச் சந்தேகப்பட்டேன், அனுமதியைச் சந்தேகப்பட்டேன், கணினியையே மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை சாரிடம் போய், "பட்டா மாறுதல் லாகர் திறந்துதான் இருக்கு சார், ஆனா எழுத மாட்டேங்குது" என்றேன்.

"திறந்திருக்கிறதைப் பார்த்தீங்களா?"

"திறந்து வெச்சேன் சார்."

"அது செஞ்சது. நிரல் நிக்கிற அந்த இடத்துல, கையில இருக்கிறது பட்டா மாறுதல் லாகர்தான்னு பார்த்தீங்களா?"

எழுந்து வந்தேன். பார்க்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே தூறுவதைப் பார்த்தேன். கடைமடையிலும் தூறிக்கொண்டிருக்கும். அடுக்கடுக்காக இறங்கித் தேட இனி நேரமில்லை. இந்த ஒன்பதும் தாங்களாகவே யார் என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. பழுதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வேறு வேலை செய்தேன். எந்த லாகரை எங்கே நிறுத்திப் பார்த்தாலும் தன் பெயர், தன் நிலை, எழுதுகிறதா இல்லையா, எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று ஒரே வரியில், தமிழில் சொல்லும்படி எழுதினேன். எண்ணாக இருந்த நிலையைச் சொல்லாக மாற்றினேன். கோபிகா, நீ வட்டம் போட்ட இருபது வரி இதுதான். இதனால் நிரல் வேகமாகவும் ஓடாது, மெதுவாகவும் ஓடாது. பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்.

மறுபடி அதே இடத்தில் நிறுத்தினேன். சுட்டியை வைத்தேன்.

"உட்பிரிவு லாகர். நிலை: பிழை மட்டும். எழுதவில்லை."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பட்டா மாறுதல் பகுதியின் கையில் இருந்தது பட்டா மாறுதல் லாகரே இல்லை. யாரோ உட்பிரிவு பக்கத்திலிருந்து நிரலை நகலெடுத்து ஒட்டும்போது அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருக்கிறார்கள். நான் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு இன்னொரு கதவுக்கு முன்னால் இரண்டு நாள் காத்திருந்திருக்கிறேன்.

வரியைத் திருத்தி ஓட்டினேன். லாகர் மடமடவென்று எழுதியது. அதில் காரணமும் இருந்தது. 142/1-ஐ மாற்றும்போது, அதற்குள் 142/1அ, 142/1ஆ என்று சிறு பிரிவுகள் இருந்தால் அவையும் சேர்ந்து மாற வேண்டும் என்பதற்காக, '142/1 என்று தொடங்கும் எல்லாம்' என்று எழுதி வைத்திருந்தோம். 142/10 எதில் தொடங்குகிறது? 142/1-ல்தான். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு வரை எல்லாமே அப்படித்தான். நாங்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஊரில் எந்தப் புல எண்ணிலும் ஒன்பது உட்பிரிவுக்கு மேல் இல்லை. அந்த வரியை எழுதியவர் யார் என்று சொல்ல மாட்டேன். சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். கோட்டாட்சியர், தாசில்தார், சாகுல் அமீது, ஐந்து பெண்கள், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர். ஓரமாக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு செல்வராசு. வெளியே கூட்டம். வாயால் விளக்கினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று சார் சொல்லியிருந்தார். "செஞ்சு காட்டுங்க. அவங்க பார்க்கட்டும்."

பழைய சி.டி.யை அவர்கள் முன்னாலேயே ஏற்றினேன். ஐந்து சிட்டாவையும் அச்சடித்துக் கொடுத்தேன். ஐந்திலும் அவரவர் பெயர் இருந்தது. பிறகு 142/1-க்கு மட்டும் மாறுதல் கொடுத்தேன். திரையில் லாகர் எழுத ஆரம்பித்தது. அஞ்சம்மாள் எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்றவர். திரைக்குப் பக்கத்தில் வந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"புல எண் நூத்தி நாப்பத்திரண்டு, உட்பிரிவு பத்து. பழைய பெயர்... அஞ்சம்மாள். புதிய பெயர்..." நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எம் பேரத் தொடவே இல்லியே. நாந்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே."

"இல்லம்மா. நிரல்ல தப்பு. நாங்க எழுதினதுல தப்பு. உங்க வி.ஏ.ஓ. எதுவும் செய்யல, யாரும் செய்யல."

"அன்னிக்கும் இது இப்புடித்தான் எழுதுச்சா? எழுதியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே."

சார் என் பக்கம் பார்க்கவில்லை. நானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"அன்னிக்கு எழுதலம்மா. எழுத விடாம நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன். எடம் பத்தலன்னு அடைச்சேன், திறக்க மறந்துட்டேன்."

தாசில்தார் தரையைப் பார்த்தார். அஞ்சம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னமே அடைக்காதீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு தைத்திருக்காது.

சாகுல் அமீது முன்னால் வந்தார். "நான் வாங்குனது ஒண்ணு. கம்ப்யூட்டர் ஆறு குடுத்திருக்கு. மத்தவங்க பாடுபட்ட மண்ணு எனக்கு எதுக்குங்க? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க." போட்டார். கோட்டாட்சியர் தடை உத்தரவை அங்கேயே விலக்கினார். தட்டச்சான இடைநீக்க உத்தரவைக் கிழித்தார். செல்வராசு அசையாமல் நின்றார். அஞ்சம்மாள் வாசல்வரை போனவர், திரும்பி அவரிடம் வந்தார்.

"நாளைக்கு அறுப்பு வெச்சிருக்கோம். நீங்க வந்து வரப்புல நிக்கணும். நாங்க கூப்புட்டோம்னு எல்லாரும் பாக்கட்டும்."

"சைக்கிள் இல்லீங்களே" என்றார் செல்வராசு. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"எடுத்துக் கழுவி வெச்சாச்சு. செயின்தான் துருப்புடிச்சுக் கெடக்கு."

அன்று பிற்பகல் வெயில் அடித்தது. மூன்று நாள் தாங்கியது. கதிர் முழுக்கக் களத்துக்கு வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் இதே பிழை வேறு எங்கெல்லாம் பெயரை மாற்றியிருக்கிறது என்று தேடினோம். இன்னும் ஆறு ஊர்கள் இருந்தன. அங்கே யாருக்கும் இது தெரியாது, யாரும் சிட்டா எடுத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தினோம். மேலே இருந்த ஓர் அதிகாரி, "திருத்தியாச்சுல்ல, சத்தமில்லாம விட்டுடுங்க. போய்ச் சொன்னா அங்கயும் கொடி பிடிப்பாங்க" என்றார்.

தணிகாசலம் சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லித்தாங்க ஆகணும். அவங்க சொத்து" என்றார். உங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள் என அதிகாரி கேட்டதும், அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு பழைய ஜீப்பில் சாரும் நானும் ஆறு ஊருக்கும் போனோம். ஐந்து ஊரில் கோபித்தார்கள், கத்தினார்கள், தாளைப் பத்துத் தடவை திருப்பிப் பார்த்தார்கள். கொடி பிடிக்கவில்லை.

ஆறாவது ஊரில் வீரையன் என்பவர் சம்பா நாற்றங்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஆக, எம் பேரு போயிருந்துச்சு. இப்ப வந்துடுச்சு. ரெண்டுமே எனக்குத் தெரியாது."

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்கு இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க? சொல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே."

சார் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: "உங்க நெலங்க. அதுல என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியணுமில்லீங்களா?"

வீரையன் வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவினார். "இதுவரைக்கும் ஆபீஸுலேருந்து ஜீப்பு வந்தா எதையாச்சும் எடுத்துக்கிட்டுத்தான் போவும்" என்று சொல்லிக்கொண்டே கரையேறி, வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ரெண்டு டீ போடு! நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க!"

டீ வந்தது. சர்க்கரை தாராளமாக இருந்தது. தணிகாசலம் சாருக்குச் சர்க்கரை நோய். ஆபீஸில் யார் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தாலும் கும்பிட்டு மறுத்துவிடுவார். அன்று வரப்பில் உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.